ஊர்ப் பாடமும் சேரிப் பிள்ளையும்

சில வருசங்களுக்கு முன்னால், திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனியில் நாங்கள் நடத்திவந்த இரவுப் பள்ளிக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் ‘எங்கள் ஊர்’ என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதையே உருப்போடாமல் சுற்றுப்புறத்தைப் பார்த்து எழுது, பெரியவர்களிடம் கேட்டு எழுது என்றார்களாம். நல்ல காரியம்தான். பிள்ளையும் ஆசையாக எழுதியிருந்தாள். ஏரி, ஏரிக்கரைப் பனைமரம், மாரியம்மன் கோயில், ஆடி மாசத் தேர் எல்லாம் வந்திருந்தது. தேரைப் பற்றி எழுதும்போது, “தேரு எங்க தெருவுக்கு வராது, நாங்க ரோட்டு முனையில நின்னு பாப்போம்” என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓரத்தில் ‘தேவையில்லை’ என்று போட்டிருந்தது. அடியில் ‘நன்று’.

“அண்ணா, நான் பொய்யா எழுதியிருக்கேன்?” என்று கேட்டாள்.

இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்ல முடியாமல் போன பதில்தான். பிள்ளைகள் எதைப் படிக்க வேண்டும் என்பதில் கல்வியாளர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். நாடு முழுவதற்கும் அல்லது மாநிலம் முழுவதற்கும் ஒரே தரம், ஒரே புத்தகம் வேண்டும் என்பது ஒரு கட்சி. அந்தந்த வட்டாரத்துக்குத் தக்கபடி, பிள்ளையின் மொழிக்கும் சூழலுக்கும் தக்கபடி பாடம் நெகிழ வேண்டும் என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியைக் கேட்டால் நமக்கு இனிக்கும். நம்ம மொழி, நம்ம பாட்டு, நம்ம கதை பாடத்தில் வரப்போகிறது என்று தோன்றும். அவசரப்பட்டுக் கைதட்டிவிடக் கூடாது. ‘உள்ளூர்’ என்கிறார்களே, அந்த ஊர் யாருடைய ஊர்? தமிழில் ஊர் என்றால் அதில் சேரி கிடையாது. “ஊருக்குள்ள போயிட்டு வரேன்” என்று எங்கள் ஆயா சொன்னால், ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் வருகிறேன் என்று அர்த்தம். ஊரும் சேரியும் என்று பிரித்துப் பேசும் மொழியில் ‘உள்ளூர்த் தேவை’ என்ற சொல் வந்தால், அது ஊரின் தேவை. சேரியின் தேவை அதில் தானாக வந்து சேராது.

திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். உள்ளூர்ப் பாடம், நெகிழ்வான பாடம் என்றால் அதைவிட நெகிழ்வானது எது? அரசாங்கப் புத்தகம் கிடையாது. பரீட்சை கிடையாது. மணலில் எழுத்து, அப்புறம் ஓலை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, எண்சுவடி, நிகண்டு. பிள்ளை எந்த வயசிலும் சேரலாம், தன் வேகத்தில் படிக்கலாம். படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். சட்டாம்பிள்ளை முறை என்று இதைச் சொல்வார்கள். சென்னையில் இராணுவ அனாதைப் பிள்ளைகள் பள்ளியில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மணலில் எழுதும் முறையை இங்கே பார்த்துப் பழக்கப்படுத்தி, 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் போயிற்று.

1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் பள்ளி, கல்லூரி சேர்ந்து 12,498, மக்கள் தொகை 1,28,50,941 என்று இருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்தக் கணக்கை எடுத்துத்தான் தரம்பால் 1983இல் ‘அழகிய மரம்’ என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் போட்டார். வெள்ளைக்காரன் வந்து அந்த மரத்தை வெட்டிவிட்டான் என்ற பேச்சு காந்தி 1931இல் லண்டனில் பேசியதிலிருந்து வருகிறது. சூத்திரர்களும் மற்ற சாதியாரும்தான் தமிழ்ப் பகுதிப் பள்ளிகளில் அதிகம் படித்தார்கள் என்பதைத் தரம்பால் எடுத்துக்காட்டினார். சரி. ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், ‘மற்ற எல்லாச் சாதியார்’, முசல்மான் என்று பத்திகள். அந்த ‘மற்ற எல்லாச் சாதியார்’ யார்? அதில் பறையர், பள்ளர், சக்கிலியர் பிள்ளை எத்தனை? பட்டியல் வாய் திறக்கவில்லை. ஒன்று மட்டும் நமக்குத் தெரியும். திண்ணை என்பது ஊரில் ஒரு வீட்டின் திண்ணை. அதில் ஏறி உட்கார நம் பாட்டன் காலுக்கு உரிமை இல்லை. மரம் அழகாகத்தான் இருந்திருக்கும். நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுதான் கேள்வி.

அதற்காக, நம்மவர் எல்லோரும் எழுத்தறியாமல் கிடந்தார்கள், மிஷனரி வந்துதான் கண் திறந்தது என்று சொல்வதும் தப்பு. வள்ளுவர் வீடுகளில் சோதிடமும் வைத்தியமும் ஓலையில் இருந்தன. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தன் ஆசானின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவர். ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், தன் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலையைக் கொடுக்க, அது எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்தது என்று அவர் எழுதுகிறார். சமையல்கட்டில் வேலை பார்த்தவர் வீட்டில் குறள் ஓலை. இப்படி ஒரு வாசிப்பு மரபு நம்மிடம் இருந்திருக்கிறது. எந்தக் கலெக்டர் கணக்கிலும் அது ஏறவில்லை, எந்த ஊர்த் திண்ணையும் அதைத் தன் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அரசாங்கத்தின் தரம் வந்தது. 1854 உட் அறிக்கைக்குப் பிறகு கல்வித்துறை, இன்ஸ்பெக்டர், மானியம். பிள்ளை எத்தனாம் வகுப்புப் புத்தகத்தை எவ்வளவு சரியாக வாசிக்கிறது என்று இன்ஸ்பெக்டர் வந்து சோதித்து, தேறின பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று மானியம் கொடுத்தார்கள். திண்ணை வாத்தியாரும் மெல்ல அந்தப் புத்தகத்துக்கு வந்தார். சட்டப்படி அரசாங்கப் பணம் வாங்கும் பள்ளி எல்லோருக்கும் பொது. நடப்பில், பஞ்சமப் பிள்ளை ஒன்று உள்ளே வந்தால் ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் வெளியே போகும். அரசாங்கம் என்ன செய்தது? உள்ளூர் உணர்வை மதித்தது! பள்ளிக்கூடங்கள் அக்ரகாரத்திலும் சாவடியிலும் கோயில் மண்டபத்திலும் நடந்தன. அவற்றை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றச் சொல்லி 1919 வாக்கில் உத்தரவு போட வேண்டி வந்தது. நமக்கென்று தனிப் பள்ளி, தனி மானியம் (1893 அரசாணை), பிறகு லேபர் இலாகா பள்ளி, அப்புறம் அரிஜன நலப் பள்ளி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளி. பாடத்தில் அரசின் தரம், கட்டடத்தில் ஊரின் தரம். இப்படி இரண்டும் சண்டையில்லாமல் கைகோத்துக்கொண்டதைத்தான் நம் பிள்ளைகள் நூறு வருசமாகப் பார்க்கிறார்கள்.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் எழுதிய தன் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோயமுத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். பார்ப்பனப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி. யாராவது பக்கத்தில் வந்து ஊர் எது, குடும்பம் எது என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து வெளியிலேயே நின்று, மணி அடித்த பிறகு உள்ளே போவாராம். பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தப் பாடத்தைத் தொடுவதற்குள் ஒரு பிள்ளை எத்தனை கணக்குப் போட வேண்டியிருக்கிறது!

நம் முன்னோர் இதற்குள் என்ன செய்தார்கள் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 1894இல் அடையாற்றில் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். நல்லது, ஆனால் அது தொடக்கக் கல்வியோடு நின்றது. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி வைத்தார். எம்.சி.ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர், பாடப்புத்தகங்கள் எழுதியவர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கான பாட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார். தாழ்த்தப்பட்டவர் தலைவர் என்று மட்டும் அவரை அறிந்தவர்கள், தமிழ்ப் பிள்ளைகளின் முதல் வாசிப்பில் அவர் கை இருந்ததைக் கேட்டால் ஆச்சரியப்படுகிறார்கள். ஆச்சரியப்படும்படி நம்மை வைத்திருப்பதும் பாடத்திட்டம்தான்.

அயோத்திதாசர் செய்தது இன்னும் வேறு. 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் அவர் ஒளவையின் நூல்களுக்கு உரை எழுதினார். திண்ணைப் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகள் உருப்போட்ட அதே ஆத்திசூடி. அவர் அதைப் பௌத்த நூலாக வாசித்தார். அவர் சொல்லும் சொல்வரலாறு இலக்கணப்படி நிற்குமா என்று என் தமிழ் எம்.ஏ. வகுப்புத் தோழர்கள் கேட்பார்கள். பல இடங்களில் நிற்காதுதான். ஆனால் உன் தரமான புத்தகத்தை நான் ஒதுக்கப் போவதில்லை, அதை வாசிக்கும் உரிமையை எடுத்துக்கொள்கிறேன் என்ற அந்தத் துணிச்சலை எந்த இலக்கணத்தில் வைப்பது?

இனி 1953. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இராஜாஜி முதலமைச்சர். பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து வருசத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. கட்டடம் இல்லை, வாத்தியார் இல்லை, காசு இல்லை. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் படிப்பு, இரண்டு நேர முறை. அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு மடங்கு பிள்ளைகள். மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பனோடு இருந்து அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். பெண்பிள்ளை அம்மாவோடு வீட்டு வேலை. அப்பனுக்குக் கைத்தொழில் இல்லையென்றால் ஊரில் வேறு கைவினைஞரிடம் போய்ப் பார்த்துக் கற்கலாம். பட்டணத்துப் பள்ளிகளுக்கு இது கிடையாது.

இன்றைக்கு யாராவது இதை எடுத்து, பெயரையும் வருசத்தையும் மறைத்துவிட்டு ஒரு கருத்தரங்கில் வாசித்தால் நம்மில் பலர் தலையாட்டுவோம். சுற்றுப்புறத்திலிருந்து கற்பது, கையால் செய்து கற்பது, புத்தகச் சுமை இல்லை, உழைப்புக்கு மரியாதை. எல்லாம் இருக்கிறது. தச்சன் மகனுக்கு உளி, குயவன் மகனுக்குச் சக்கரம். நம் தெருப் பிள்ளைக்கு? பறை, செத்த மாடு, சுடுகாட்டு வெட்டிமை, பண்ணையார் நிலத்தில் சேற்று நடவு. அப்பனிடம் கற்றுக்கொள்ள வேறு என்ன விட்டுவைத்திருந்தார்கள்? ‘குலக்கல்வி’ என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரே சொல்லில் திட்டத்தின் துணியை உருவிய பெயர். போராட்டம் மூண்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. பட்டணத்துப் பிள்ளையும் பட்டிக்காட்டுப் பிள்ளையும் ஒரே மணி நேரம் படிக்கும் என்ற அந்தச் சின்னத் தரத்தை வாங்குவதற்கே ஒரு முதலமைச்சர் போக வேண்டியிருந்தது.

ஆகவே ‘ஒரே பாடம்’ என்பதை அதிகாரத்தின் இயந்திரம், பன்முகத்தன்மையை நசுக்குகிறது என்று மட்டும் எழுதுகிற நண்பர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. அது நசுக்கத்தான் செய்கிறது. ஆனாலும் 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஏற்பட்டு, அச்சடித்த ஒரே புத்தகம் ஊர்ப் பிள்ளை பையிலும் சேரிப் பிள்ளை பையிலும் கிடந்தது. அதற்கு முன்னால் தனியார் பதிப்பகங்கள் புத்தகம் போடும், கமிட்டி அனுமதிக்கும், பள்ளி நிர்வாகம் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். நிர்வாகம் யார் கையில் இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை. (கோனார் நோட்சுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் கமிட்டி தேவைப்படவில்லை. தமிழ்நாட்டின் உண்மையான பொதுப் பாடத்திட்டம் அதுதான்!)

சரி, அந்த ஒரே புத்தகத்தின் தமிழ் யாருடைய தமிழ்? வழக்கு என்பது உயர்ந்தோருடையதே என்று தொல்காப்பியம் மரபியலில் முடிவு கட்டிவிட்டார்கள். நம் பேச்சுக்கு உரைகாரர்கள் கொடுத்த பெயர் இழிசனர் வழக்கு. எம்.ஏ. வகுப்பில் அந்தச் சொல்லை ஒரு பேராசிரியர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனபோது நான் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். இழிசனர் நான்தானே. எழுத்துத் தமிழ் யாருக்கும் தாய்மொழி இல்லை என்று மொழியியல் சொல்லும். உண்மை. தூரம் எல்லோருக்கும் ஒன்றில்லை. எங்கள் பக்கம் வீடு ‘வூடு’, மழை ‘மயை’, பழம் ‘பயம்’. ஒன்றாம் வகுப்பில் எங்கள் பிள்ளை ‘வாயப்பயம்’ என்று வாசித்த அன்றைக்கே அதற்குச் சிரிப்பு விழும், சில இடங்களில் பிரம்பும் விழும். ‘ஆத்துக்குப் போறேன்’ என்று பேசும் பிள்ளையும் எழுத்துத் தமிழிலிருந்து விலகித்தான் பேசுகிறது. அந்த விலகலுக்குக் கொச்சை என்று பெயர் இல்லை.

1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது நமக்கெல்லாம் தொண்டை திறந்த மாதிரி இருந்தது என்று மூத்த தோழர்கள் சொல்வார்கள். அந்த உற்சாகத்தின் வால் பிடித்துத்தான் நாங்களும் இரவுப் பள்ளிக்கு ஒரு சின்ன வாசிப்புப் புத்தகம் தயாரித்தோம். வூடு, ஆயா, கொயம்பு எல்லாம் அப்படியே. பெருமையாக வீடு வீடாகக் கொடுத்தோம். ஒரு அம்மா புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். “ஏம்பா, நாங்க பேசறத கத்துக்கவா புள்ளய அனுப்புறோம்? ஊர்க்காரன் புள்ள இன்னா படிக்குதோ அதையே எம்புள்ளயும் படிக்கட்டும். இத நீ வச்சிக்கோ.” எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று. அந்த அம்மா தரத்துக்கு அடிமைப்பட்டுப் பேசவில்லை. 1953ஐப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. தனிப் பாடம் என்று நம்மிடம் நீட்டப்படுவது எப்போதும் குறைந்த பாடமாகவே இருந்திருக்கிறது என்பது அவருக்கு உடம்பிலேயே தெரிந்திருந்தது.

உள்ளூர்ப் பாடம் நமக்கு உதவிய ஒரு காலமும் உண்டு. அது அறிவொளி. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கியபோது கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சைக்கிள் பழகினார்கள். அறிவொளியில் எழுத்தைத் தொடங்கிவைத்த சொற்களில் ஒன்று ‘பட்டா’. அம்மா, ஆடு, இலை என்று தொடங்காமல் பட்டா என்று தொடங்கினால் என்ன ஆகும்? நிலமில்லாதவள் அந்தச் சொல்லை எழுதிவிட்டுச் சும்மா இருப்பாளா? செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால் 1892இல் நமக்கென்று ஒதுக்கி, பிறகு ஊரார் விழுங்கிவிட்ட பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994இல் காரணையில் இரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். பட்டா என்ற சொல்லுக்கு அந்தக் கனம் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, அறிவொளியில் தரம் இல்லாமல் இல்லை. நிமிசத்துக்கு 30 சொல் உரக்க வாசிக்க வேண்டும் என்று தேசிய எழுத்தறிவு இயக்கம் அளவு வைத்திருந்தது. அளவு டில்லியில் இருந்து வந்தது. சொல் கூலிக்காரப் பெண்ணின் வாழ்விலிருந்து வந்தது. ஊர்ப் பெரியதனக்காரனிடம் கேட்டு அந்தப் பாடம் எழுதப்படவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமச்சீர்க் கல்வி 2010இல் சட்டமானது. 2011இல் ஆட்சி மாறியதும் நிறுத்தப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், வந்த புத்தகத்திலும் சில பக்கங்களில் காகிதம் ஒட்டி மறைத்திருந்தது. அதை எதிர்த்த மெட்ரிக் பள்ளிக்காரர்கள் பேசியதும் நெகிழ்வு, தேர்வு உரிமை என்ற மொழிதான். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் பையில்லா நாட்கள் என்கிறது. உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் பிள்ளைகள் பயிற்சி பெற வேண்டுமாம். தேசியப் பாடநூலில் உள்ளூர் மணமும் சேர வேண்டுமாம். பத்து நாள்தானே என்பார்கள். எந்தப் பள்ளியின் பிள்ளை எந்தத் தொழிலிடம் போகும் என்பதை யார் முடிவு செய்வது? குயவரைச் சொன்னவர்கள் மலக்குழி இறங்குகிறவரையும் உள்ளூர்த் தொழிலாளி என்று பட்டியலில் சேர்ப்பார்களா, கலெக்டர் பிள்ளையைப் பத்து நாள் அவரோடு நிற்க வைப்பார்களா?

தமிழ்நாட்டு அரசுப் புத்தகத்திலும் இப்போது அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா மூவரும் இருக்கிறார்கள். சந்தோசம். 2021இல் பாடநூலில் தலைவர்கள் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டங்களை நீக்கினார்கள், உ.வே.சாமிநாத ஐயர் உ.வே.சாமிநாதர் ஆனார். பட்டம் போயிற்று. ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதிய தேர் பற்றிய வரியும் அதே வழியில் போயிற்று. சாதியைப் புத்தகத்தில் காட்டாமல் இருப்பது ஒன்று, சாதி எப்படி நடக்கிறது என்று பிள்ளையைச் சொல்லவிடாமல் இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே சிவப்பு மை.

அந்தப் பிள்ளையின் தாளைத் திருத்தி எழுதச் சொல்லவில்லை. அடித்த கோட்டோடு அப்படியே இரவுப் பள்ளிச் சுவரில் ஒட்டினோம். அடுத்த வாரம் மற்றப் பிள்ளைகளும் ‘எங்கள் ஊர்’ எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் சுடுகாட்டுக்குப் போகும் வரப்பைப் பற்றி எழுதியிருந்தான், மழைக்காலத்தில் பிணத்தை எப்படித் தூக்கிப் போவார்கள் என்று. ஒருத்தி எழுதியது டீக்கடை பெஞ்சு. பாதி புத்தகத் தமிழ், பாதி நம்ம தமிழ். அன்றைக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அம்மா சுவருக்கு முன்னால் வந்து நின்று, மகனை விட்டு ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். டீக்கடைத் தாளை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.